காரைக்குடி பர்மா காலனிக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு? குடியிருக்க ஏத்த ஏரியாவா?

மானாமதுரைப் பையன்:
வேலை மாத்தி காரைக்குடி வந்திருக்கேன், பர்மா காலனில ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். ஆபீஸ்ல ஒருத்தரு அது பர்மாவுல சம்பாரிச்ச செட்டியாருக கட்டுன ஏரியாங்குறாரு. ஆனா நான் போய் பாத்த தெருவுல அப்படி பெரிய வீடு ஒண்ணும் காணோமே, எல்லாம் நெருக்கமா சின்னச் சின்ன வீடுதான். வெவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க.

செக்காலை அண்ணன்:
ஆபீஸ்காரரு ரெண்டு கதைய ஒண்ணாப் போட்டு கலக்கிட்டாரு தம்பி. செட்டியாருக வட்டிக்கு விட்டு லேவாதேவி பண்ணுன பர்மா கதை வேற. 1930ல நெல்லு வெலவாசி விழுந்து வெவசாயிக கடன் கட்ட முடியாம போனதுல, 1938 வாக்குல கீழ் பர்மாவோட முக்கியமான நெல்லு ஜில்லாக்கள்ல கால்வாசி நிலம் அவுக கைக்கு வந்துருச்சு, 1942ல ஜப்பான்காரன் உள்ள வந்ததும் நெறையப் பேரு விட்டுட்டு ஓடியாந்தாக. கானாடுகாத்தான் செட்டியார் வீடுகள்ல டூரிஸ்ட் போட்டோ எடுக்குற பர்மா தேக்குத் தூணெல்லாம் அதுக்கு முன்னாடி வந்தது. காலனிக்காரவுக அதுக்கப்புறம் வந்தவுக. 1962ல நே வின் ராணுவ ஆட்சி வந்துச்சு, 1964ல கடைகண்ணிய எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டான். பொட்டிக்கடைக்காரன் கூட தப்பிக்கல. லட்சத்துக்கு மேல ஆளுக கப்பலேறி வந்தாக, அவுகளுக்கு தமிழ்நாட்டுல பல ஊர்ல காலனி இருக்கு, சென்னை பர்மா பஜாரும் அவுக போட்ட கடைகதான்.

காலனிப் பொண்ணு:
நான் பொறந்து வளந்ததே அங்கதான். பர்மால சம்பாரிச்சவுகன்னு யாராச்சும் சொன்னா எனக்கு எரிச்சலா வரும், எங்க ஐயா ரங்கூன்ல அரிசி மில்லுல மூட்டை தூக்குனவரு, இங்க வந்தும் சந்தைல அதே வேலைதான். அப்பத்தாவுக்கு அங்கேயே பொறப்பு, இந்த ஊர கப்பல விட்டு இறங்கித்தான் பாத்துச்சு. பிள்ளைகளுக்கு புரியக்கூடாத விஷயம்னா பக்கத்து வீட்டு ஆயாவோட பர்மாப் பாஷைல பேசிக்கும், கெட்ட வார்த்தை மட்டும் நாங்க புடிச்சுக்கிட்டோம் 😄 இப்ப இருக்க பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது. இப்ப எல்லாரும் நகைய வைக்கப் போற ரெப்கோ பேங்க் இருக்குல்ல, அதுவே பர்மா, இலங்கைல இருந்து திரும்புனவுகளுக்காக 1969ல ஆரம்பிச்சதுதான்.

கண்டனூர் மாமா:
செக்காலை அண்ணன் சொன்னது சரி, ஆனா அவ்வளவு சுத்தமா ரெண்டா வெட்டிற முடியாது. வட்டிக்கடைன்னா முதலாளி மட்டுமா? அடுத்தாள்ங்குற உதவி ஏஜெண்டு, கல்லாப்பெட்டிக்கிட்ட இருக்க பெட்டியடிப் பையன், சமையக்காரரு இவ்வளவு பேரும் இந்தச் சுத்துவட்டாரத்துல இருந்து மூணு வருஷக் கணக்குல போனவுக. ஜப்பான் சண்டை முடிஞ்சு மறுபடியும் போனவுகளும் உண்டு. முதலாளி பேரு வீட்டு முகப்புல இருக்கு, இவுக பேரு எங்கயும் கெடையாது.
வீட்டைப் பத்தி கேட்டீகளே, தண்ணி கனெக்‌ஷன் தனியா பொதுவான்னு மொதல்ல கேளுங்க, அட்வான்ஸ் அப்புறம்.

மானாமதுரைப் பையன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். தண்ணி பொதுதானாம், மூணு வீட்டுக்கு ஒரு மோட்டார். அக்கா, அங்க பர்மா சாப்பாடு கடைல கிடைக்குமா?

காலனிப் பொண்ணு:
கடைல எனக்குத் தெரிஞ்சு இல்ல தம்பி. மொய்ங்கான்னு பர்மா நூடுல்ஸ் சூப்பு, எங்க வீட்டுல அம்மா வைக்கும், மீனு, வாழைத்தண்டெல்லாம் போட்டு. குடி வந்ததும் சொல்லு. மூணு வீட்டுக்கு ஒரு மோட்டார்னா கரண்ட் பில் எப்படிப் பிரிக்கிறாகன்னு இப்பவே பேசிரு, அதுலதான் சண்டையே வரும்.