ஆர்மண்ட்ஸ் டிசீஸ், பெரி-அயோர்டைடிஸ்: அப்பாவுக்கு இருப்பது ஒரே நோயா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு வயது 58. கீழ்முதுகில் விடாத வலி, கால் வீக்கம். கிட்னி வேலையைக் காட்டும் ரத்த டெஸ்டான கிரியேட்டினின் 4.1 வந்ததும் அட்மிட் செய்து இரண்டு பக்கமும் டிஜே ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய் அடைபடாமல் இருக்க உள்ளே வைக்கும் மெல்லிய குழல்) வைத்தார்கள். இப்போது 1.6, ஆள் நன்றாக இருக்கிறார். சிக்கல் காகிதத்தில்தான். சிடி ரிப்போர்ட்டில் 'இடியோபதிக் ரெட்ரோபெரிடோனியல் ஃபைப்ரோசிஸ்'. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஆர்மண்ட்ஸ் டிசீஸ், பைலேட்டரல் ஹைட்ரோநெஃப்ரோசிஸ்'. ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, வாத நோய் டாக்டர்) சீட்டில் 'க்ரானிக் பெரி-அயோர்டைடிஸ்'. இன்சூரன்ஸில் எந்த நோய்க்கு க்ளெய்ம் என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். நெட்டில் தேடினால் 'நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ்' வேறு வருகிறது. அதுவும் இதுதானா?

டயாலிசிஸ் டெக்:
கடைசியில் சொன்னது வேறு நோய். கிட்னி ஏற்கெனவே மோசமாக இருப்பவர்களுக்கு எம்ஆர்ஐ எடுக்கும்போது போடும் சில காடோலினியம் ஊசிகளால் தோல் தடித்து இறுகிப்போவது. அதை விட்டுவிடுங்கள்.

மலைக்கோட்டை:
ரெட்ரோபெரிடோனியல் ஃபைப்ரோசிஸ், ஆர்மண்ட்ஸ் டிசீஸ் இரண்டும் ஒன்றேதான் தம்பி, வயிற்றின் பின்பக்கம் நார்த்திசு படரும் நோய். 1905இல் பிரான்ஸில் அல்பாரன் இதை எழுதினார்; 1948இல் அமெரிக்க யூராலஜிஸ்ட் ஆர்மண்ட் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. பழைய டாக்டர்கள் அல்பாரன்-ஆர்மண்ட் சிண்ட்ரோம், ஜெரோட்டாஸ் ஃபேசியைட்டிஸ் என்றுகூட எழுதுவார்கள். மிரள வேண்டாம்.

பெரி-அயோர்டைடிஸ் கொஞ்சம் அகலமான பெயர். வயிற்றுக்குள் மகாதமனியைச் சுற்றி வரும் அழற்சி எல்லாம் அதில் அடங்கும், உங்கள் அப்பாவுடையது உட்பட. அங்கிருந்து நார்த்திசு படர்ந்து சிறுநீர்க்குழாய்களை நடுப்பக்கமாக இழுத்து நெரிக்கிறது. கிட்னிக்குள்ளே நோய் இல்லை, வெளியே குழாயில்தான் அடைப்பு. ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்பது அந்த அடைப்பால் கிட்னி வீங்குவது, தனி நோய் அல்ல.

நாளைக்கு யாராவது 'ஐஜிஜி4 ரிலேட்டட்' (ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப்புரதம் சம்பந்தப்பட்டது) என்று எழுதினால் மட்டும் அதை இன்னொரு பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடியோபதிக் என்றால் காரணம் பிடிபடவில்லை என்று அர்த்தம். ஐஜிஜி4 என்றால் காரணத்தின் பக்கம் ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. கேன்சர், ரேடியேஷன், சில மருந்துகளாலும் இந்த ஃபைப்ரோசிஸ் வருவதுண்டு.

யூராலஜிஸ்டிடம் லெட்டர்ஹெட்டில் ஒரே வரி கேளுங்கள்: 'ரெட்ரோபெரிடோனியல் ஃபைப்ரோசிஸ், அதாவது ஆர்மண்ட்ஸ் டிசீஸ், அதனால் ஏற்பட்ட இருபக்க ஹைட்ரோநெஃப்ரோசிஸுக்கு ஸ்டென்ட்'. ருமட்டாலஜிஸ்ட் சீட்டையும் அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு க்ளெய்முக்கு அதுதான் வழிவிட்டது.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. திங்கட்கிழமை ஓபியில் கேட்கிறேன். ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்திருக்கிறார்கள், வலி போய்விட்டால் நிறுத்திவிடலாமா?

டயாலிசிஸ் டெக்:
நீங்களாக நிறுத்தவே கூடாது சார், டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். சுகரும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஸ்டென்ட்டை எப்போது மாற்றுவது அல்லது எடுப்பது என்று தேதி வாங்கி காலண்டரில் குறித்துவிடுங்கள். மறந்துவிட்டால் அதன்மேல் கல் படிந்து எடுப்பதே பெரிய வேலையாகிவிடும்.