மறு: கோல்பில் இருவர் எதிரெதிர் ஆடும் ‘மச் பிளே’க்குத் தமிழில் என்ன சொல்? போட்டியாட்டமா, குழிக்கணக்கா?

> இலண்டன் அண்ணை எழுதியது: மச் பிளே – போட்டியாட்டம், ஸ்ட்ரோக் பிளே – அடியாட்டம். இத்தோடு முடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

அண்ணை, குறை நினைக்காதேயுங்கோ, இதை இத்தோடு முடிக்க விடமாட்டேன். போட்டி இல்லாத ஆட்டம் எது? கிளித்தட்டும் போட்டிதான், வண்டில் சவாரியும் போட்டிதான். அடியாட்டம் என்றதும் எனக்கு அடியாட்கள்தான் கண்ணுக்குள் வருகிறார்கள்.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம், நான் இதில் ஏற்கெனவே வழுக்கி விழுந்தவன். உயர்தர மாணவருக்கான நிகழ்தகவுப் பயிற்சித் தாளில் கோல்ப் பந்தயத்தை வைத்து ஒரு கணக்குச் செய்தேன். 2008 உலக மச் பிளே இறுதியில் டைகர் வூட்ஸ் ஸ்டூவர்ட் சிங்கை வென்றதை ‘8–7 என்ற புள்ளிக்கணக்கில்’ என்று எழுதிவிட்டேன். கொக்குவில் வகுப்பில் இருந்த பெடியன் ஒருவன், “சேர், ஆள் மயிரிழையில தப்பியிருக்கு” என்றான். உண்மை நேர்மாறு. அந்த இறுதியாட்டம் 36 குழி. ஒவ்வொரு குழியிலும் குறைந்த அடியில் பந்தை விழுத்துகிறவருக்கு அந்தக் குழி. வூட்ஸ் எட்டுக் குழி முன்னுக்கு நிற்கிறார். ஆட மிச்சம் ஏழுதான். ஏழையும் சிங்க் வென்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது. 29ஆம் குழியோடு கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நொறுக்கிப்போட்ட வெற்றியை நான் நூலிழை வெற்றி ஆக்கிவிட்டேன்.

ஆகவே சொல் பிறக்கவேண்டிய இடம், எதை எண்ணுகிறார்கள் என்பது. வழக்கமான கோல்ப் போட்டியில் நான்கு நாள், 72 குழி, மொத்த அடிகளை எண்ணுவார்கள், குறைந்தவர் வென்றவர். மச் பிளேயில் இருவர் எதிரெதிர் நின்று குழியைத்தான் எண்ணுவார்கள். ஒருவர் நான்கு அடியில் முடித்து மற்றவர் ஐந்தில் முடித்தாலும் ஒரு குழி. மற்றவர் தண்ணீருக்குள் இரண்டு பந்தை விட்டு ஒன்பதில் முடித்தாலும் அதே ஒரு குழி. அப்படியென்றால் ஒன்று அடிக்கணக்கு ஆட்டம், மற்றது குழிக்கணக்கு ஆட்டம். இதுதான் என் முன்மொழிவு.

சூதாட்டத்துக்குச் சொல் செய்வதா என்று போன கிழமை ஒருவர் இங்கே முகம் சுளித்தார். ஐயா, நிகழ்தகவே சூதுப் பலகையில் பிறந்த பிள்ளை. 1654இல் கணித மேதைகள் பஸ்காலும் பெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டது, இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கிடுவது என்றுதான்.

பந்தயக் கணக்கில் இந்த இரண்டு ஆட்டமும் ஒன்றல்ல. அடிக்கணக்கில் கெட்டிக்காரனுக்குத் தன் திறமையைக் காட்ட நான்கு நாள் இருக்கிறது. குழிக்கணக்கில் ஒரு காலை சரிவரவில்லை என்றால் அன்றே வீடு. 2002இல் 64 பேர் ஆடிய அதே போட்டியின் முதற்சுற்றில், போட்டித் தரவரிசையில் முதல் மூன்று நிலையில் இருந்த வூட்ஸ், மிக்கெல்சன், டுவால் மூவரும் வெளியே. வூட்ஸை வீழ்த்திய பீட்டர் ஓ’மாலி கடைசி நிலைக்காரர். கிண்ணத்தைத் தூக்கியவர் 62ஆம் நிலையில் இருந்த கெவின் சதர்லண்ட். 64 பேரில் கிண்ணம் எடுக்க ஆறு ஆட்டம் வெல்லவேண்டும். ஒவ்வொரு எதிராளியையும் வெல்ல உங்களுக்கு 0.6 வாய்ப்பு இருந்தாலும், அதை ஆறு தடவை பெருக்கினால் 0.047. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ‘நல்ல ஆட்டக்காரன்தானே’ என்று காசு கட்டுகிறவர் விழுகிற கிடங்கு இது.

இன்னொரு சிக்கல். இந்த ஆட்டத்தின் முடிவை ‘மூன்றுக்கு இரண்டு’ என்றால், பந்தயக்காரர் காதில் அது விலையாக விழும். மூன்று குழி முன், இரண்டு மீதி என்பது ஆட்ட முடிவு. 3/2 என்பது இரண்டு ரூபாய் கட்டினால் மூன்று ரூபாய் இலாபம் என்ற விலை. அந்த விலைக்குள் ஒளிந்திருக்கும் வாய்ப்பு ஐந்தில் இரண்டு, அதாவது 40 வீதம். தமிழில் வாய்க்கு வருவது ‘இரண்டுக்கு மூன்று’, எழுதுவதோ 3/2. தலைகீழ். ஆகவே முடிவை ‘3 முன் 2 மீதி’ என்றும், விலையை ‘2 கட்ட 3’ என்றும் எழுதலாம் என்கிறேன். அழகு குறைவுதான், ஆனால் காசு தப்பும்.

— கொக்குவில்

> சென்னையிலிருந்து: நேருக்கு நேர் ஆட்டம்னு வெச்சா எல்லாருக்கும் புரியுமே சார். குழிக்கணக்கு கொஞ்சம் பள்ளம் தோண்டுற மாதிரி இருக்கு. அப்புறம், துடுப்பாட்டம்னு நீங்க கிரிக்கெட்டைச் சொல்றப்போ எங்களுக்கு இன்னும் படகுப் போட்டிதான் ஞாபகம் வருது, கோபிச்சுக்காதீங்க.

கோபம் என்ன, நாங்கள் உதைபந்தாட்டம் என்பதை நீங்கள் கால்பந்து என்று எழுதி இரண்டும் உயிரோடுதானே இருக்கின்றன. ‘நேருக்கு நேர்’ நல்ல சொல். ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. அடிக்கணக்குப் போட்டியிலும் இரண்டு பேரை மட்டும் பிரித்தெடுத்து, இவர்களில் யார் குறைந்த அடியில் முடிப்பார் என்று பந்தயம் கட்டுகிறார்கள். அந்த இருவருக்கும் தாங்கள் எதிரிகள் என்பதே தெரியாது! அதைத்தான் நேருக்கு நேர்ப் பணயம் என்று சொல்லவேண்டும். ஆட்டத்துக்கும் அதே பெயரை வைத்தால் இரண்டும் குழம்பும்.

பணயம் என்கிறேன், பந்தயம் என்று சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். பந்தயம் என்றால் ஓட்டமும் அதுதான், அதன்மேல் கட்டும் காசும் அதுதான். கட்டும் காசைப் பணயம் என்று பிரித்துவிட்டால் அடுத்த சிக்கலும் தீரும். 2015இல் அந்த உலகப் போட்டியை 16 குழு, குழுவுக்கு நான்கு பேர் என்று மாற்றினார்கள். 2023இல் நிற்கும்வரை அப்படித்தான். குழுச்சுற்றில் 18 குழி முடிந்தும் சமன் என்றால் ஆளுக்கு அரைப்புள்ளி. அப்போது ஒருவர் வெல்வார் என்று காசு கட்டியவர் கதி? சமனையும் ஒரு முடிவாக வைத்த பணயத்தில் அவர் தோற்றார். மற்ற வகையில் காசு கைக்குத் திரும்பும். இந்த இரண்டாவதை ‘சமன்மீள் பணயம்’ எனலாமா? முன்னையது ‘மும்முடிவுப் பணயம்’. விலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: காசு திரும்பாத பணயத்தில் அதே ஆட்டக்காரனுக்கு விலை கூட.

— கொக்குவில்

> கனடாவிலிருந்து தங்கச்சி: அண்ணா, குழிக்கணக்கு என்றதும் நான் அப்பாவின் காணி உறுதியைத்தான் நினைத்தேன். ‘இரண்டு பரப்பு ஆறு குழி’ என்று அதில் இருக்கும். நீங்கள் கோல்ப் ஆடச் சொல்கிறீர்களா, வேலி அளக்கச் சொல்கிறீர்களா?

தங்கச்சி, நல்ல அடி. இதற்கு இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஊர்க் காணிக்கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்புக்கு எத்தனை குழி? 18. (நெற்பரப்பு என்றால் 12, வயல்காரர் சண்டைக்கு வரவேண்டாம்.) கோல்பில் ஒரு சுற்றுக்கு எத்தனை குழி? அதுவும் 18. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நான் ஒரு கோல்ப் திடலையும் கண்டதில்லை, கொழும்பு, நுவரெலியா என்று வெளியேதான் போகவேண்டும். ஆனாலும் ஒரு சுற்றை ‘ஒரு பரப்பு’ என்று எழுதிவிட்டு யார் தடுக்கிறார்கள் பார்ப்போம் என்று கை துருதுருத்தது. எழுதவில்லை. பகிடி கலைச்சொல் ஆகாது.

ஆனால் உங்கள் தடைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. உறுதியில் குழி என்ற சொல் எப்போதும் பரப்புக்குப் பின்னால் வரும். பயிற்சித் தாளில் அது ‘ஆட்டம்’ என்பதற்கு முன்னால் வரும். போளை அடித்த பிள்ளைகள் எல்லாருக்கும் குழி என்றால் என்ன என்று தெரியும். ஆகவே ‘குழிக்கணக்கு’ என்று தனியே விடாமல் எப்போதும் ‘குழிக்கணக்கு ஆட்டம்’ என்று முழுதாக எழுதுவோம். அவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன்.

> இலண்டன் அண்ணை: சரி, என் போட்டியாட்டத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன். கோல்பிலே எதிராளியின் கடைசிச் சின்ன அடியை ஆடாமலே ‘கிடைத்ததாக வைத்துக்கொள்’ என்று விடுவார்களே, அது மாதிரி.

அமெரிக்க அணியும் பிரித்தானிய அணியும் மோதிய 1969 ரைடர் கிண்ணத்தில் ஜக் நிக்லஸ் டொனி ஜக்லினுக்குச் செய்தது அதுதான் அண்ணை. இரு அணிகளும் 16–16 என்று முடிந்தன. அதற்கும் சொல் தந்துவிட்டீர்கள்: ‘விட்ட அடி’. பட்டியலில் போட்டுவிட்டேன்.

மிச்சம் இருப்பது ‘டோர்மி’. முன்னால் நிற்கும் குழியும் மீதிக் குழியும் சரிசமனாக வரும் நிலை. ‘தோற்கா நிலை’ என்று சென்னை நண்பர் தனிமடலில் எழுதினார். பொருந்தாது. வெளியேற்றும் சுற்றில் எதிராளி மீதியெல்லாம் வென்று சமன் செய்தால், கூடுதல் குழி ஆடி அங்கே தோற்கவும் இடமுண்டு. அந்த நேரத்தில் ‘தோற்கா நிலை’ என்று நம்பிக் காசு கட்டியவர் என் வீட்டுப் படலையில் வந்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது ஒரு சொல் அனுப்புங்கோ, தாள் திங்கள் அச்சுக்குப் போகிறது.

— கொக்குவில்