ஆதியாகமம் 33:4, ராஷி உரையில் ஒரு சொல்: எபிரேயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். யூத வெறுப்பை யூத சமய மரபு எப்படிப் புரிந்துகொண்டது என்று எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரே சொல்லில் நிற்கிறேன்.

தன்னை ஏமாற்றிவிட்டு ஓடிப்போன தம்பி யாக்கோபு திரும்பி வரும்போது, அண்ணன் ஏசா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு முத்தமிடும் இடம். எபிரேய மூலத்தில் ‘முத்தமிட்டான்’ என்ற சொல்லின் ஆறு எழுத்துகள் ஒவ்வொன்றின் மேலும் புள்ளி இருக்கிறது. ஏன்? 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, சிஃப்ரே என்ற பழைய யூத விளக்க நூலிலிருந்து இரண்டு பதில் தருகிறார். முழு மனதோடு முத்தமிடவில்லை என்பது ஒன்று. ரபி (யூத சமய அறிஞர்) ஷிமோன் பார் யோகாய் சொல்வது வேறு: ஏசா யாக்கோபை வெறுப்பது ‘ஹலாகா’, ஆனாலும் அந்த நேரத்தில் இரக்கம் பொங்கி, முழு மனதோடுதான் முத்தமிட்டான்.

ரபிகளுக்கு யாக்கோபு என்றால் யூதர்கள், ஏசா என்றால் ரோம். அதனால் பின்னாளில் யூத வெறுப்பை விளக்கப் பலரும் ஷிமோன் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் மனதை விட்டுப் போகவில்லை.

சிக்கல் இதுதான். ஹலாகா என்றால் சமயச் சட்டம். அப்படியானால் வெறுப்பு மாறாத விதி ஆகிவிடுகிறது. அது ‘ஹலோ’, அதாவது ‘அல்லவா’ என்றே இருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. அப்போது ‘தெரிந்ததுதானே’ என்ற அளவோடு நின்றுவிடும்.

தமிழ் பைபிளில் புள்ளிகளே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்பு பார்த்தேன், இரண்டிலும் அடிக்குறிப்பு இல்லை. ஓர் இறையியல் நூலகத்தில் கேட்டேன், சிஃப்ரே அங்கே இல்லை. கட்டுரையைக் கொடுக்கப் பத்து நாள் இருக்கிறது.

சிஃப்ரேயின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இருப்பது ஹலாகாவா, ஹலோவா?