'பே-அவுட்' என்பதற்கு 'முடிப்பு': கொள்ளை விளையாட்டுகளின் பணச் சொற்கள் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

நால்வர் கூடி வங்கியையோ நகைக்கடையையோ கொள்ளையடிக்கும் கணினி விளையாட்டுகளைத் தமிழ்ப்படுத்தும் நம் முயற்சியில், 'பே-அவுட்' (கொள்ளை முடிந்ததும் ஆடுபவருக்குச் சேரும் தொகை) என்ற சொல்லுக்கு ஊதியம், பரிசு, பங்குத்தொகை, பட்டுவாடா ஆகிய நான்கு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. சென்ற மடலில் நான் ஐந்தாவதாகக் 'கைவரவு' என்று எழுதினேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொண்டு, 'முடிப்பு' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

சொல்லைத் தேடுமுன் அந்த விளையாட்டுகளில் பணம் எந்த வழியில் வந்து எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்த என் அக்காள் மகன், 2013இல் வெளியான 'பேடே 2' விளையாட்டை நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தான். வங்கியை முடித்து, மூட்டைகளை வேனில் ஏற்றித் தப்பியதும் திரையில் ஐந்து இலட்சத்தை ஒட்டிய ஒரு தொகை தோன்றியது. உடனே முகமூடிக்கு ஒரு வண்ணம் வாங்கப் போனவன், பணம் போதாமல் திரும்பி, "அம்மான், இப்பத்தானே அஞ்சு லட்சம் வந்துச்சு, அதுக்குள்ள எங்க போச்சு?" என்று என்னைக் கேட்டான். பணம் எங்கும் போகவில்லை. அந்த விளையாட்டில் வரும் தொகையில் 80 விழுக்காடு 'ஆஃப்ஷோர் அக்கவுண்ட்' என்ற, கடல்கடந்த நாட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் கணக்குக்குப் போய்விடுகிறது. 20 விழுக்காடு மட்டுமே துப்பாக்கி, முகமூடி போன்றவற்றை வாங்கும் செலவுப் பணமாகக் கைக்கு வருகிறது. ஐந்து இலட்சத்தில் நான்கு இலட்சம் அங்கே, ஒரு இலட்சம் இங்கே. மொத்தத்துக்குமே 'கைவரவு' என்று நான் பெயர் வைத்திருந்தால், கைக்கு வராத நான்கு பங்கையும் கைக்கு வந்ததாகத் திரையே பொய் சொல்லியிருக்கும். ஆகவே 'கைவரவு' அந்த ஒரு இலட்சத்துக்கு, அதாவது 'ஸ்பெண்டிங் கேஷ்' என்பதற்கு உரியது என்பதே இப்போது என் கருத்து.

'பங்குத்தொகை' பொருந்தாமைக்கும் காரணம் விளையாட்டின் உள்ளேயே இருக்கிறது. பேடே 2-இல் தொகை ஆடுவோரிடையே பிரிக்கப்படுவதில்லை. நால்வர் ஆடினால் நால்வருக்கும் முழுத்தொகை தனித்தனியே சேருகிறது. 'பங்கு' என்று கண்ட புதியவர், ஆள் குறைந்தால் தனக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எண்ணித் தனியாக ஆடப் போவார். அப்படி ஆடினாலும் தொகை கூடப்போவதில்லை. ஊதியம் என்ற சொல்லைப் பொறுத்தவரை, குறளில் அது ஆதாயம் என்ற பொருளில் வருகிறது என்று ஓர் அன்பர் சுட்டியது சரியே; ஆயினும் இன்று அச்சொல்லைக் கேட்பவர் மனத்தில் மாதச் சம்பளம்தான் தோன்றும். 'பட்டுவாடா' கொடுப்பவர் பக்கத்துச் சொல். அஞ்சல்காரர் செய்வதும் முதலாளி செய்வதும் பட்டுவாடா. பெற்றுக்கொள்பவர் தன் கணக்கைப் பார்க்கும் திரையில் அதற்கு இடமில்லை. தேர்தல் நேரத்துச் செய்திகள் அச்சொல்லை என்ன பாடுபடுத்திவிட்டன என்பதையும் நாம் அறிவோம்.

எங்கள் அப்பத்தா சந்தைக்குப் போய்த் திரும்பியதும் முந்தானை நுனியை அவிழ்த்து, மடிந்து கசங்கிய நோட்டுகளையும் சில்லறையையும் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) கொட்டி எண்ணுவார். அந்தச் சிறு கட்டுக்கு அவர் சொல்லும் பெயர் முடிப்பு. புலவருக்கும் தலைவருக்கும் மேடையில் பணமுடிப்பு அளித்தார்கள் என்று இன்றும் நாளிதழ்கள் எழுதுகின்றன. அங்கும் அது ஒரு செயலின் முடிவில் மொத்தமாகச் சேரும் தொகைதான். 'முடி' என்ற வேர் கட்டுவதையும் நிறைவேற்றுவதையும் ஒருங்கே குறிப்பதால், வேலையை முடித்தவருக்கே கிடைக்கும் இந்தத் தொகைக்கு இதைவிட இசைந்த சொல் எனக்குத் தோன்றவில்லை. திரையில் நான்கே எழுத்து. 'முடிப்பில்', 'முடிப்புக்கு' என்று வேற்றுமை உருபுகளையும் இயல்பாக ஏற்கிறது. 'முடி' என்ற பொத்தானோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அது ஏவல் வினை, இது தொகையின் எண்ணோடு மட்டுமே வரும் பெயர்; இடம் பார்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் நேராது.

அடுத்தது அந்த 80 விழுக்காட்டுக் கணக்கு. 'வெளிநாட்டுக் கணக்கு' பிழையில்லை, ஆனால் அயலகத்தில் வேலை செய்பவரின் சேமிப்புக் கணக்கு போல ஒலிக்கிறது. நான் முன்பு எழுதியபடியே 'அக்கரைக் கணக்கு' என்கிறேன். இதற்கு வந்த இரண்டு மறுப்புகளில், அக்கறை என்ற சொல்லோடு எழுத்துப் பிழையால் மயங்கும் என்பது ஒன்று. அது உண்மையான தொல்லைதான். மெய்ப்புப் பார்ப்பவர் இடையின ரகரத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

தேவகோட்டை அண்ணன் எழுதிய இரண்டாவது மறுப்பு என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. இரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்களின் வீடுகளில் 'அக்கரை' வலி தோய்ந்த சொல் என்றும், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது கணக்கேடுகளோடு மட்டும் ஊர் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டில் காண வேண்டுமா என்றும் அவர் கேட்டிருந்தார். அண்ணனின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். எங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் அப்படிப்பட்ட ஓர் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) இருக்கிறது; அதில் வரவாக எழுதப்பட்ட தொகை நெடுகிலும் நிற்கிறது, அதில் ஒரு ரூபாய்கூடச் செலவுக்கு வந்ததில்லை. ஏட்டில் உண்டு, கையில் இல்லை என்ற அந்த நிலையை ஒரே சொல்லில் உணர்த்தும் ஆற்றல் தமிழில் 'அக்கரை'க்குத்தான் இருக்கிறது. விளையாட்டிலும் அந்தக் கணக்கைக் கொண்டு புதிய ஒப்பந்தங்களை, அதாவது கொள்ளை வேலைகளை, விலைக்கு எடுக்கலாமே தவிர, ஒரு முகமூடி வாங்க முடியாது. வலியோடு வந்த சொல்லானாலும், சரியான பொருளில் எழுதப்பட்டால் அது தாழ்ந்துவிடாது என்று நம்புகிறேன்.

'பங்கு' என்ற சொல்லை நான் முற்றிலும் தள்ளவில்லை. இணையத்தில் பலர் கூடி ஆடும் 'ஜிடிஏ ஆன்லைன்' என்ற மற்றொரு விளையாட்டில் தொகை உண்மையாகவே பிரிகிறது. அங்கே தலைவர் தம் கைமுதலைப் போட்டு வேலையைத் தொடங்கி, இறுதிக் கட்டத்துக்கு முன் அவரவர் விழுக்காட்டைக் குறிக்கிறார். காசினோ கொள்ளையில் எவருக்கும் 15 விழுக்காட்டுக்குக் குறைத்து ஒதுக்க இயலாது. 'கட்' எனப்படும் இந்த விழுக்காட்டுக்குப் பங்கு என்பதே நேர்ச்சொல். அதே விளையாட்டில் 2020 டிசம்பரில் வந்த காயோ பெரிகோ என்ற தீவுக் கொள்ளையில், பங்கு பிரிக்கும் முன்பே திருட்டுப் பொருளை விற்றுத்தருவதற்கு 10 விழுக்காடும், பாவெல் என்ற உதவியாளருக்கு 2 விழுக்காடும் கழிகின்றன. பத்து இலட்சம் அள்ளிய இருவர் சரிபாதி என்று பேசியிருந்தால், 1,20,000 போக மீதமுள்ள 8,80,000-இல் ஆளுக்கு 4,40,000 சேரும். அள்ளியதை 'எடுப்பு' என்றும், கழிவதைப் 'பிடித்தம்' என்றும், அதில் விற்பனைக்குப் போவதைத் 'தரகு' என்றும் வைக்கலாம். எடுப்பு, பிடித்தம், பங்கு, முடிப்பு என்று நான்கு வரிகள் இறங்கினால் எந்த எண் எதிலிருந்து வந்தது என்பதை எவரும் கேட்காமலே புரிந்துகொள்வர்.

பிடித்தத்துக்கு 'மகமை' என்று ஒருவர் எழுதியதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. மகமை வணிகர் தாமே மனமுவந்து கோயிலுக்கும் அறத்துக்கும் எடுத்துவைப்பது. இங்கே கழிவதோ கேட்காமலே பிடிக்கப்படும் தொகை. அறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒன்று மீதமிருக்கிறது. பேடே 2-இல் பொதுமக்களில் ஒருவரைக் கொன்றுவிட்டால், தடயத்தை மறைக்க வரும் 'கிளீனர்' பெயரில் பணம் குறைகிறது. 'துப்புரவுச் செலவு' என்று எழுதினால் நாள்தோறும் தெருவைத் தூய்மை செய்பவர்களின் பணியோடு கொலையை முடிச்சிடுவதாகும், அது வேண்டாம். 'தண்டச்செலவு' என்பது பேச்சில் உள்ளது, வீணாய்ப் போனது என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. ஆனால் ஓர் உயிர் போனதை வீண்செலவு என்று மட்டும் சொல்வது போதுமா என்ற தயக்கம் எனக்கு இன்னும் நீங்கவில்லை. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன். மற்றவற்றை மறுப்பில்லையெனில் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.