ஜனவரில சூரியன் கிட்ட இருந்தும் ஏன் குளிருது?

கேள்வி: பூமி ஜனவரி 3 வாக்குல தான் சூரியனுக்கு ரொம்ப கிட்ட வருதாம், ஆனா அது நமக்கு மார்கழி, பனி கொட்டுற நேரமாச்சே? பையன் கேட்டான், சொல்லத் தெரியல.

பதில் 1: தூரம் பெருசா மாறலைங்க. ஜனவரில 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலைல 15.2 கோடி, அவ்ளோதான். பூமி 23.4 டிகிரி சாஞ்சே சுத்துது, டிசம்பர் ஜனவரில வடக்குப் பாதி சூரியன விட்டு விலகி சாஞ்சிருக்கறதால வெயில் சரிவா விழுது, பகலும் சின்னது, அதே நேரத்துல ஆஸ்திரேலியால கொளுத்துது பாருங்க, தூரம் தான் காரணம்னா ரெண்டு எடத்துலயும் ஒரே சீசனா இருக்கணுமே.

பதில் 2: சென்னைல டிசம்பர் 21 உச்சி நேரத்துல சூரியன் 54 டிகிரி உயரம் தான் ஏறும். ஏப்ரல் 24 வாக்குல நேரா தலைக்கு மேல வந்துரும். மொட்டை மாடில குச்சி நட்டு ரெண்டு நாளும் நிழல அளக்கச் சொல்லுங்க, பையனுக்கு சட்டுனு புரியும்.

கேட்டவர்: ஏப்ரல்லயே தலைக்கு மேலன்னா கத்திரி ஏன் மே மாசம்?

பதில் 1: தரை சூடேற டைம் எடுக்கும்ல, அதான். சூரியன் வடக்க நகர்ந்தாலும் சூடு சேந்துட்டே போகும்.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, குச்சி இன்னைக்கே நட்டுடறோம்.