ஜப்பானிய மர அச்சும் முல்லைப் பாட்டும்: யோசனை வேணும்

வாய்க்கால்கரை:
கிளிநொச்சிப் பக்கம் சித்திரம் படிப்பிக்கிறேன். குறுந்தொகையில் ஒரு முல்லைப் பாட்டை எடுத்துப் பிள்ளைகளோடு மர அச்சுப் படம் செய்ய ஆசை. ஜப்பானில் பழைய கவிதைகளை வைத்து நிலக்காட்சி அச்சிட்டவர்கள் பாட்டில் உள்ளதை அப்படியே வரைந்தார்களா? பாட்டையும் படத்துக்குள் எழுதினார்களா? என்ன பலகை பாவிக்கலாம்?

பரண்:
ஓம் ரீச்சர், பாட்டு படத்துக்குள்ளேயே, ஒரு சதுரக் கட்டத்தில் வரும். ஆனால் அப்படியே வரைவது ஜப்பானிய மர அச்சு ஓவியர் ஹொக்குசாயின் வழி இல்லை. 13ஆம் நூற்றாண்டில் தெய்கா என்ற கவிஞர் ஆளுக்கொரு பாட்டாக 100 பேருடையதைத் தொகுத்தார், அதை ஒரு செவிலி விளக்குவதுபோல 1835 அளவில் ஹொக்குசாய் வரையத் தொடங்கினார். முதல் பாட்டு தெஞ்சி அரசருடையது: அறுவடைக்கால வயலில் கூரை இடைவெளி விட்ட குடில், பனியில் நனைகிற சட்டைக்கை. ஹொக்குசாயோ வயலில் வேலை செய்யும் சனத்தை வரைந்திருக்கிறார். யானைக்குக் காவல் இருந்து விடிகிற எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் குடிலை ஆரும் விளக்கத் தேவையில்லை, அவர்களுடைய வயலையே வரையவிடுங்கள்.

உளிச்சத்தம்:
அங்கே செர்ரிமரப் பலகை. இங்கே முதிரை, பாலை பக்கம் போகவேண்டாம், பழகாத கைக்கு உளி வழுக்கும், பிளைவூட் போதும். எழுத்தைத் தலைகீழாகச் செதுக்க வேணுமே என்று யோசிக்காதீர்கள். மெல்லிய தாளில் வரைந்து குப்புற ஒட்டி, அதன் மேலாலேயே செதுக்கினால் சரியாக வரும். ஜப்பானிலும் அதே முறைதான், அதனால் மூலப்படம் அழிந்துபோகும். பரண் சொன்ன தொடரில் 27 படங்கள்தான் அச்சாகி வெளிவந்தன, பலகைக்குப் போகாததால்தான் மிச்சத்தில் 60க்கு மேற்பட்ட கைப்படங்கள் தப்பியிருக்கின்றன. அச்சு இயந்திரமும் வேண்டாம், மை தடவித் தாளைப் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள்.

மாரிமழை:
முல்லை என்றால் மழை வேணுமே ரீச்சர். ஹிரோஷிகே என்ற இன்னொரு ஜப்பானிய மர அச்சு ஓவியர் 1834 அளவில் ஓமி என்ற பகுதியின் எட்டுக் காட்சிகளைச் செய்தார், அதில் கரசாக்கி என்ற இடத்தின் இரவு மழையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு பெரிய பைன் மரம், மேலிருந்து கீழே நேர்க்கோடாக மழை, ஒரு பக்கத்தில் பாட்டு, வேறு அதிகம் இல்லை. காத்திருக்கும் பெண்ணை வரையாமலே அந்தக் காத்திருப்பைக் காட்டலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாய்க்கால்கரை:
நல்லது, மழையையே எடுக்கிறேன். உளிச்சத்தம் அண்ணா, சாதாரண நீர்வண்ணம் பலகையில் ஒட்டுமா, அல்லது கஞ்சி கலக்க வேணுமா?

உளிச்சத்தம்:
கொஞ்சம் அரிசிமாக் கூழ் கலந்து தூரிகையால் பரப்புங்கள், அவர்களும் அப்படித்தான். தாளை முதலே ஈரமாக்கி வையுங்கோ.