முகாமில் பிறந்தவரை இலங்கைக்கு அனுப்பிவிட முடியுமா?

தாமிரபரணிக்கரை:
அண்ணாச்சிமாரே, என்னோடு பெயிண்ட் வேலை பார்க்கும் தம்பி கங்கைகொண்டான் இலங்கை அகதிகள் முகாமில் 1996இல் பிறந்தவன், அவனுடைய அப்பா அம்மா 1990இல் படகேறி வந்தவர்கள். முகாமில் செக்கிங் என்றால் அன்றைக்கு வேலைக்கு வரமாட்டான், பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்கணும். புதுக் குடியேற்றச் சட்டம் வந்ததிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று வீடே பயந்துகிடக்கிறது. முடியுமா?

பாளை வக்கீல்:
பயப்பட வேண்டாம் தம்பி. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை பாஸ்போர்ட், விசா இல்லை என்று தண்டிக்கும் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கிவிட்டது. பதிவுக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் இது குடியுரிமை கிடையாது.

மானூர்க்காரி:
இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பையனுக்கு ஏன் கிடையாது?

பாளை வக்கீல்:
1987 ஜூலை 1க்கு முன் பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியன். அப்படி 1986இல் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த ஒரு பெண் ஹைகோர்ட் வரை போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024இல் ஓட்டும் போட்டார். அதற்குப் பின் பிறந்த இந்தத் தம்பிக்கு அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருந்திருக்க வேண்டும்.

மானூர்க்காரி:
2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று சேர்த்தவர்கள் இலங்கையை விட்டது பெரிய அநியாயம். முப்பது வருசத்துக்கு மேல் நம்மோடு வாழ்ந்த சனத்துக்கு விலக்கு போதாது, குடியுரிமைதான் வேண்டும்.